பஹராஹ்: ரைன் கரையில ஒரு பழைய ஊரும், கூரை இல்லாத ஒரு சிற்றாலயமும்

ஐரோப்பா பயணம் பத்தி எப்போ பேசினாலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்குறோம், கையில ஒரு நாளோ ரெண்டு நாளோதான் இருக்கு, பெரிய சிட்டி வேண்டாம், எங்க போகலாம்?" என்கிட்ட இதுக்கு ஒரே பதில்தான். பஹராஹ்.

முதல்ல பெயரைச் சரியா சொல்லிடுவோம். அந்த ரெண்டு 'ஹ'வும் தொண்டையிலிருந்து உரசிக்கிட்டு வரணும். டிக்கெட் கவுன்ட்டர்ல நான் ஆங்கில எழுத்தைப் பார்த்து "பச்சராச்"னு வாசிச்சேன். அங்க இருந்த அம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணுல நிக்குது.

ரைன் நதியில மைன்ஸ் நகரத்துக்கும் கொப்லென்ஸ் நகரத்துக்கும் நடுவுல, இடது கரையில இருக்கிற ஊர் இது. மொத்தமே ரெண்டாயிரம் பேர் அளவுக்குத்தான். பின்னாடி செங்குத்தான மலை, மலை முழுக்கத் திராட்சைத் தோட்டம், உச்சியில ஒரு கோட்டை, கீழே மதில், மதிலுக்குள்ள மரச்சட்டம் போட்ட வீடுகள். கறுப்புக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா பொருத்தி, இடையில வெள்ளைச் சுண்ணாம்பு பூசின வீடுகள். சில வீடுகள் பக்கத்து வீட்டு மேல சாய்ஞ்சு தூங்குற மாதிரி நிக்கும். பொம்மை ஊர்னு தோணும். ஆனா ஜன்னல்ல துணி காயுது, ஸ்கூல் விட்டுப் பசங்க ஓடுறாங்க. ஊர் உயிரோடதான் இருக்கு.

பிங்கன்ல தொடங்கி கொப்லென்ஸ் வரைக்குமான சுமார் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. அதுக்குள்ளதான் இந்த ஊரும் வருது. இதையெல்லாம் எந்த டூரிஸ்ட் பிரசுரத்துலயும் படிச்சுக்கலாம். எனக்கு ஆர்வம் வேற கேள்வியில. இந்த ஊர் எப்படி இப்படியே நின்னுச்சு?

ஒரே வார்த்தையில சொன்னா, நொடிச்சுப் போனதால.

நடுக்காலத்துல பஹராஹ் பணக்கார ஊர். காரணம் ஒரு பாறை. ஊருக்கு மேல, அதாவது நதி வர்ற திசையில, பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி பிங்கன் இருக்கு. அங்க ஆத்துக்குக் குறுக்கே கெட்டியான பாறைத்திட்டு ஒண்ணு ஓடுது. 'பிங்கர் லோஹ்'னு பேர், பிங்கன் ஓட்டைன்னு அர்த்தம். பெரிய கப்பல் அதைத் தாண்ட முடியாது. அதனால மேலிருந்து வர்ற ஒயின் பீப்பாய்களைச் சின்னப் படகுல கொண்டுவந்து, பஹராஹ்ல பெரிய கப்பலுக்கு மாத்துவாங்க. எந்த ஊர்த் தோட்டத்து ஒயினா இருந்தாலும், கப்பல் ஏறினது இங்கதானேன்னு 'பஹராஹ் ஒயின்'ங்கிற பேர்லதான் வடக்கே சந்தைக்குப் போகும். விளைஞ்சது எங்கேயோ, பேர் வாங்கினது இந்த ஊர்.

போதாக்குறைக்குச் சுங்கம். ரைன் கரையில இவ்வளவு கோட்டை ஏன் இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுல பல கோட்டைகளோட வேலை வசூல்தான். பஹராஹ்லயே சுங்கச்சாவடி இருந்தது. கொஞ்சம் கீழ காவ்ப் ஊர் பக்கத்துல, ஆத்து நடுவுல கப்பல் மாதிரியே ஒரு கோட்டை நிக்குது பாருங்க, ஃபால்ட்ஸ்கிராஃபென்ஷ்டைன், 1320-கள்ல கட்டத் தொடங்கினது. அதுவும் சுங்கம் வாங்கத்தான். நம்ம இன்ஸ்டாகிராம்ல 'தேவதைக் கதைக் கோட்டை'ன்னு போடுறது அந்தக் காலத்து டோல் கேட்டை.

அப்புறம் சரிவு. முப்பதாண்டுப் போர்ல ஊர் பலமுறை கை மாறுச்சு. 1689-ல பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியோட படை, மேல இருக்கிற ஷ்டாலெக் கோட்டையை வெடி வச்சுத் தகர்த்தது. கடைசியில பிங்கன் பாறையையும் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு வழியை அகலப்படுத்தினாங்க. பெரிய கப்பல் நேரா போக ஆரம்பிச்சதும் பஹராஹ்ல நிக்க வேண்டிய அவசியமே இல்லை. கையில காசு இருக்கிற ஊர் பழசை இடிச்சுப் புதுசு கட்டும். இங்க இடிச்சுக் கட்ட ஆள்கிட்ட காசு இல்லை. 19-ஆம் நூற்றாண்டுல கவிஞர்களும் ஓவியர்களும் வந்து "ஆஹா"ன்னு வியந்தது அந்த ஏழ்மையைத்தான். விக்டர் ஹ்யூகோ இங்க வந்து, 1842-ல வெளியான ரைன் பயண நூல்ல இந்த ஊரைப் பத்தி எழுதினார். லோரலைங்கிற மாயப்பெண் கதை தெரியும்ல? அதை முதன்முதலா ஒரு பாட்டுக்கதையா 1801-ல வெளியிட்டவர் கிளெமென்ஸ் ப்ரெண்டானோ. அவர் கதையில அவ பஹராஹ்காரி!

சரி, இப்போ நான் பண்ணின தப்புக்கு வர்றேன்.

ஊர் நடுவுல புனித பேதுரு தேவாலயம். அதுக்குப் பக்கத்துல கோட்டைக்கு ஏறுற படிக்கட்டு தொடங்குது. பாதி வழியில, மலைச்சரிவுல, செம்மணல் கல்லால கட்டின ஒரு சிற்றாலயம். கூரை கிடையாது. ஜன்னல்ல கண்ணாடி கிடையாது. உயரமான, மெலிஞ்ச கல் சட்டங்கள் மட்டும் நிக்குது. அந்த ஜன்னல் வழியா பார்த்தா வானமும் மலையும் தெரியும். இந்த ஊர்லயே ரொம்ப அழகான இடம் எதுன்னு கேட்டா இன்னைக்கும் அதைத்தான் சொல்வேன். அந்த ஜன்னலுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தேன், ஹார்ட் போட்டு ஸ்டோரியும் வச்சேன். இறங்கி வந்து காபி குடிக்கும்போதுதான் அது என்ன இடம்னு வாசிச்சேன்.

அதுக்குப் பேர் வெர்னர் சிற்றாலயம். 1287-ல வெர்னர்னு பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் செத்துக் கிடந்தான். ஏழைப் பையன், ஓபர்வேசல் ஊர்ல யூதக் குடும்பம் ஒண்ணுகிட்ட வேலை பார்த்தவன்னு சொல்றாங்க. உடல் கிடைச்சது பஹராஹ் பக்கத்துல. யார் கொன்னாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா வதந்திக்கு ஆதாரம் எதுக்கு? யூதர்கள்தான் சடங்குக்காக ரத்தம் எடுக்கக் கொன்னுட்டாங்கன்னு பேச்சு பரவுச்சு. இது அந்தக் காலத்து ஐரோப்பா முழுக்க ஓடிக்கிட்டிருந்த பொய். ரத்தப் பழின்னு இதைச் சொல்றாங்க. எங்கயாவது ஒரு கிறிஸ்தவக் குழந்தை காணாமப் போனாலோ செத்தாலோ பழி யூதர் தலையில விழும். இந்த முறையும் விழுந்தது. ரைன், மோசல் நதிக்கரை ஊர்கள்ல யூதர்களைக் கும்பல் கும்பலா கொன்னாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இது பொய்ன்னு அப்பவே தெரியும். யூதர்கள் மன்னர் ருடால்ஃப் கிட்ட முறையிட்டாங்க. அவர் அவங்க மேல குற்றம் இல்லைன்னு சொல்லி, கொன்னவங்களுக்கு அபராதமும் போட்டார். "அந்தக் காலத்து ஜனங்களுக்கு என்ன தெரியும் பாவம்"னு நம்மால சுலபமா கடந்து போக முடியாது. நாட்டோட மன்னரே சொல்லியும் ஊர் கேட்கலை. வெர்னரைப் புனிதன்னாங்க, உடலை வச்சுக் கும்பிட்டாங்க. யாத்ரீகர்கள் வந்தாங்க, காணிக்கை வந்தது. அந்தப் பணத்துல 1289-ல கட்டத் தொடங்கினதுதான் இந்தச் சிற்றாலயம். வேலை நூறு வருஷத்துக்கும் மேல இழுத்துச்சு.

இன்னொரு விசித்திரம். இந்த வெர்னர் பின்னாடி எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போய், அங்க சில பகுதிகள்ல திராட்சை விவசாயிகளோட காவல் புனிதராவே ஆயிட்டார். பழியோட தொடங்கின பேர், ஒயின் திருவிழாப் பேரா முடிஞ்சது. ட்ரியர் மறைமாவட்டம் தன் நாட்காட்டியிலிருந்து அந்தப் பேரை எடுத்தது 1963-ல. ஆமா, 1963. யூத இன அழிப்பு முடிஞ்சு பதினெட்டு வருஷம் கழிச்சு.

அப்போ கூரை ஏன் இல்லை? 1689-ல மேல கோட்டையை வெடி வச்சாங்கன்னு சொன்னேன்ல, அந்தக் கல்லு இது மேல சரிஞ்சது. யாரும் திரும்பக் கட்டலை. இடிஞ்ச பிறகுதான் அது ஓவியர்களுக்குப் பிடிச்சுப்போச்சு.

இங்கதான் ஹைன்ரிஷ் ஹைனே வர்றார். ரைன் கப்பல்ல போனா லோரலைப் பாறைகிட்ட ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு போடுவாங்க, அதை எழுதினவர். யூதக் குடும்பத்துல பிறந்தவர். அந்தப் பாட்டு எழுதின அதே 1824 வாக்குல இன்னொரு கதையும் எழுதத் தொடங்கினார்: 'பஹராஹ் ரப்பி'. ரப்பின்னா யூத மதகுரு. பாஸ்கா பண்டிகை இரவு, வீட்ல எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. தெரியாத ரெண்டு பேர் விருந்தாளியா வர்றாங்க. ரப்பி தற்செயலா மேசைக்கு அடியில பார்க்கிறார். அங்க ஒரு குழந்தையோட சடலம் கிடக்கு. கொண்டுவந்து போட்டது யார், அடுத்து என்ன நடக்கும்னு அவருக்கு உடனே புரிஞ்சிடுது. மனைவி சாராவைக் கூட்டிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஆத்துல படகேறித் தப்பிக்கிறார். ஹைனே இதை முடிக்கவே இல்லை. 1840-ல துண்டுக் கதையாத்தான் வெளியிட்டார். லோரலை பாட்டு எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையை நானும் அங்க போய் வந்த பிறகுதான் படிச்சேன்.

அந்த ஸ்டோரியை நான் அழிச்சேனான்னு கேட்பீங்க. அழிக்கலை. வெர்னர் கதையைக் கீழ எழுதித் திரும்பப் போட்டேன். லைக் கம்மியாத்தான் வந்தது. போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கட்டாயம் ஏறுங்க. ஜன்னலைப் பாருங்க, அங்க வச்சிருக்கிற நினைவுப் பலகையையும் நின்னு படிங்க.

அங்கிருந்து இன்னும் மேல ஏறினா ஷ்டாலெக் கோட்டை. 20-ஆம் நூற்றாண்டுல திரும்பக் கட்டினது, இப்போ அது யூத் ஹாஸ்டல். நிஜமாவே கோட்டைக்குள்ள பங்க் கட்டில்ல தூங்கலாம், ஹோட்டலைவிடச் செலவு கம்மி. ஆனா பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் படி ஏறணும், சொல்லிட்டேன்.

ஒயின் பத்திச் சொல்லாம விட்டா சண்டைக்கு வருவீங்க. இங்க ராஜா ரீஸ்லிங், வெள்ளைத் திராட்சை. மலை முழுக்க ஸ்லேட் கல். பகல்ல வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி மெதுவா விடும். வடக்கே இவ்வளவு தூரத்துல திராட்சை பழுக்குறதுக்கு இந்தக் கல்லும், தெற்கு பார்த்த சரிவும்தான் காரணம். சரிவு ரொம்பச் செங்குத்து, பல இடத்துல மெஷின் ஏறாது, கையாலதான் பறிக்கணும். அதனாலயே பலர் விட்டுட்டுப் போயிட்டாங்க. மிட்டல்ரைன் ஒயின் வட்டாரம் மொத்தமே இன்னைக்கு 500 ஹெக்டேருக்கும் குறைவு. மலையில புதர் மண்டின படிக்கட்டு வரப்புகளைப் பார்த்தீங்கன்னா, அதெல்லாம் ஒரு காலத்துத் தோட்டம். பாட்டில்ல 'ட்ரோக்கன்'னு இருந்தா இனிப்பு இல்லாதது, 'ஹால்ப்ட்ரோக்கன்'னா லேசான இனிப்பு. குடிக்காதவங்களுக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு கிடைக்கும், 'ட்ராவ்பென்சாஃப்ட்'னு கேளுங்க.

வீட்டு வாசல்ல இலைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினா, உள்ள போகலாம்னு அர்த்தம். 'ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட்'னு பேர். திராட்சை விவசாயி தன் சொந்த ஒயினைத் தன் வீட்லயே பரிமாறுற இடம். வருஷத்துக்கு நாலு மாசம்தான் நடத்தலாம், நாற்பது இருக்கைக்கு மேல போடக்கூடாதுன்னு விதி. சைவம் சாப்பிடுறவங்க ஃப்லாம்குஹன் வாங்கினா, "ஓனெ ஷ்பெக்"னு சொல்லிடுங்க. பன்றி இறைச்சி இல்லாம தருவாங்க.

போற வழி சுலபம். மைன்ஸ்ல மாறி உள்ளூர் ரயில், அங்கிருந்து முக்கால் மணி நேரம் மாதிரி ஆகும். அதிவேக ரயில் இங்க நிக்காது. ஏப்ரல்லேருந்து அக்டோபருக்குள்ள போங்க. குளிர்காலத்துல பாதிக் கடை பூட்டியிருக்கும், பயணக் கப்பலும் அதிகம் ஓடாது. மைன்ஸுக்கும் கொப்லென்ஸுக்கும் நடுவுல ஆத்து மேல பாலமே கிடையாது, அக்கரைக்கு ஃபெர்ரிதான். ஒரு எச்சரிக்கை: மதிலை ஒட்டியே தண்டவாளம். ரெண்டு கரையிலயும் ராத்திரி பூரா சரக்கு ரயில் ஓடும். ஆத்தைப் பார்த்த ரூம்னு ஆசைப்பட்டு வாங்கிட்டு, விடிய விடிய பெட்டி எண்ணிக்கிட்டிருந்தேன். மலைப்பக்கம் ரூம் கேளுங்க.

ஹைனேயோட அந்தக் கதை இணையத்துல இலவசமாவே கிடைக்குது, ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கு. மூணே அத்தியாயம்தான். ஃப்ராங்க்ஃபர்ட்ல ரயில் ஏறும்போது தொடங்கினா, பஹராஹ் வர்றதுக்குள்ள பெரும்பகுதி படிச்சிடலாம். ரப்பியும் சாராவும் படகுல தப்பிச்சுப் போய்ச் சேர்ற ஊர் ஃப்ராங்க்ஃபர்ட். அவங்க போன வழியிலதான் நீங்க எதிர்த் திசையில வந்துக்கிட்டு இருப்பீங்க.