சான்றிதழ் வந்துவிட்டது, கிரெடிட் எங்கே?



பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, லுஹருக்கு முன்னர் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் இன்று கைத்தொலைபேசியிலேயே படித்துச் சான்றிதழ் பெற முடிகிறது. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய பாடநெறிகளும் அவற்றில் உண்டு. முன்பள்ளி ஆசிரியைகளும், இப்படியான பிள்ளையை வீட்டில் வளர்க்கும் உம்மாமாரும் இதில் சேருவது மிக நல்ல காரியம். ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக் கொள்ளுங்கள். இதற்குக் கிரெடிட் உண்டா? உண்டென்றால் அதை எவர் ஏற்றுக் கொள்வார்?

சாதாரண தரப் பரீட்சையில் 'சீ' எடுத்தால் கிரெடிட் பாஸ் என்போமே, அதுவல்ல இது. உயர்கல்வியில் கிரெடிட் என்பது உழைப்பின் அளவு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரப் படிப்பு வேண்டும். வகுப்பில் இருப்பது, வீட்டில் வாசிப்பது, ஒப்படை எழுதுவது, பரீட்சை எல்லாம் இதில் அடங்கும். 30 கிரெடிட் கொண்ட டிப்ளோமா என்றால் 1500 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் இரண்டு வருடங்கள் கடந்துவிடும்! அப்படியிருக்க, பத்து மணி நேரத்தில் முடியும் ஒன்லைன் பாடநெறி ஒரு கிரெடிட்டில் ஐந்திலொரு பங்கைத்தான் தொடும். அதன் சான்றிதழ் பொய்யல்ல. நீங்கள் பங்குபற்றினீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 'குவாலிட்டி ரைட்ஸ்' என்னும் இலவசப் பாடநெறியை எடுத்துக் கொள்வோம். மனநலம், இயலாமை, மனித உரிமை ஆகியவற்றைக் கற்பித்து, முடித்தவர்களுக்குச் சான்றிதழும் தருகிறது. படிக்க வேண்டிய ஒன்றுதான். ஆயினும் அதைப் பட்டப்படிப்பில் கணக்குச் சேர்க்க விரும்பினால், எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறீர்களோ அதனிடமே முதலில் கேட்க வேண்டும். பாடநெறியை விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் எப்போதும் 'ஆம்' என்றுதான் சொல்வார்.

கிரெடிட்தான் வேண்டும் என்பவர்களுக்கு நுகேகொடை, நாவலையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் வீட்டிலிருப்பவர்களும் தொலைக்கல்வி முறையில் படிப்பதற்காகவே 1980இல் அது தொடங்கப்பட்டது. அதன் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கெனத் தனித்துறையே உண்டு. வெள்ளவத்தையிலிருந்தும் அது தூரமில்லை. நேரில் போய், தமிழ்மொழி மூலம் எது நடக்கிறது, எத்தனை கிரெடிட், கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து வாருங்கள்.

சரி, கிரெடிட் வேண்டாம், என் பிள்ளைக்காகத்தான் படிக்கிறேன் என்கிறீர்களா? அப்படியானால் பாடத்தில் இலங்கைச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாட்டுச் சட்டத்தை மனப்பாடம் செய்து கொண்டு இங்குள்ள அதிபரிடம் என்ன பேச முடியும்? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுப்பதையும் வேலை மறுப்பதையும் தடுக்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்தை நாடலாம். ஐ.நா.வின் இது தொடர்பான சமவாயத்தையும் இலங்கை 2016இல் அங்கீகரித்தது. இது சிலருடைய பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலுமான மக்களில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதோவொன்றில் சிரமப்படுகிறவர்கள்.

கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு 'அபஸ' ஸூரா இறங்கிய வரலாற்றை மதரஸாவில் ஓதிய நாளிலேயே கேட்டிருக்கிறோம். அவர் அதான் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் வீட்டுக் கலியாணத்திலோ, அப்படியான பிள்ளையை உள்ளறையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறோம். உறவினர் கேட்டால் 'தூங்குகிறாள்' என்கிறோம்.

ஒப்படைக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போக வழி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. உங்கள் பிள்ளையின் பாடசாலை வாசலில் எத்தனை படிகள்? பள்ளிவாசலில் பெண்கள் பகுதிக்கு எத்தனை? எண்ணி எழுதிக் கொண்டு வாருங்கள், முதல் பக்கம் அதுதான்.