மேகம் ஏறிய அரசுச் சேவைகள்: சாவி யாரிடம்?

புது தில்லி: குஜராத் மாநிலம் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு அளித்துவந்த மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ரஷியாவின் ரோஸ்நெப்ட் பங்குதாரராக உள்ள நயாராவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருந்தது. இந்தியாவோ ஐ.நா.வோ எந்தத் தடையும் விதிக்கவில்லை. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. சில நாள்களில் சேவை மீண்டது. கட்டணம் செலுத்திய தனியார் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், வாடகைக் கணினிகளில் இயங்கும் அரசுச் சேவைகளின் கதி என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே.

சொந்தமாக சர்வர்கள் வாங்காமல், பிறரது தரவு மையத்தில் வேண்டிய அளவுக்கு இடமும் திறனும் பெற்று மென்பொருளை இயக்குவதே மேகக் கணிமை. மத்திய அரசு இதற்கென 'மேகராஜ்' திட்டத்தை வகுத்தது. அதன்படி தேசிய தகவலியல் மையத்தின் தேசிய மேகத்தை 2014 பிப்ரவரியில் அப்போதைய அமைச்சர் கபில் சிபல் தொடங்கிவைத்தார். பின்னர் அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் அங்கீகாரப் பட்டியலில் இடம்பெற்றன. தரவுகள் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 18 வயதைக் கடந்தோருக்கான கரோனா தடுப்பூசிப் பதிவு 2021 ஏப்ரல் 28 மாலை தொடங்கியபோது, அமேசான் மேகத்தில் இயங்கிய கோவின் தளம் சிறிது நேரம் திணறியது. ஆயினும், அன்றே ஒரு கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்தனர். அத்தனை சர்வர்களை அரசே வாங்குவதென்றால் டெண்டர் படிவம் தயாராவதற்குள் தடுப்பூசி இயக்கமே முடிந்திருக்கும்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தரவு இந்திய மண்ணில் இருந்தாலும், அதை வைத்திருப்பது அமெரிக்க நிறுவனமாயின், அந்நாட்டின் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய ஆணை வந்தால் அதை ஒப்படைக்க நேரிடும். ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட வசதிகளைச் சார்ந்து எழுதப்பட்ட மென்பொருளை இன்னொன்றுக்கு மாற்றுவதும் எளிதன்று.

மத்திய அரசின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்திகள் வெளியாயின. வெளிநாட்டுத் தடை பற்றிய அச்சத்தை இது குறைக்கும். ஆனால், உள்நாட்டு நிறுவனமும் தனியார் நிறுவனமே. சேவையை நிறுத்தும் முன் எத்தனை நாள் அவகாசம், தரவு எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் ஒப்பந்த வாசகத்தையே பொறுத்தவை. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்களின் விவரங்களைப் பற்றியது; சேவை நிறுத்தம் அதன் வரம்புக்குள் வரவில்லை.