ஒரு பெட்டிக்கு வெட்டிய அட்டை மறு பெட்டியில் ஓடுமா?

கணினி வைத்துக் கணக்கெழுதும் சங்கங்களில் இப்போது ஒரு கேள்வி எழுந்துள்ளது. விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி அளித்து வந்த வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதுக் கணினி வாங்கப் பணமில்லாத சங்கம், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸைப் பழைய கணினியிலேயே ஏற்றிக் கொள்ளலாமே என்று சிலர் சொல்லுகின்றனர். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்பதும் லினக்ஸ் வகையே. ஆனால் சங்கத்தின் கணக்கு நிரல் விண்டோஸுக்கென எழுதப்பட்டதாயிற்றே. அது லினக்ஸில் ஓடுமா?

பாளையம்பட்டி நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. 240 கொக்கி ஜக்கார்டு பெட்டிக்கு வெட்டிய அட்டையை 400 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் பூ விழாது. துளைகளின் இடம் வேறு. நிரலும் அத்தகையதே. அது பேரேட்டைத் தானே திறப்பதில்லை; "இதைத் திற, இதை அச்சிடு" என்று இயக்க முறைமையிடம் கேட்கிறது. விண்டோஸிடம் கேட்கும் முறை லினக்ஸுக்குப் புரியாது.

இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை அமைத்து அதில் விண்டோஸை முழுதும் ஏற்றுவது. தறிக்குள் தறி போடுவது போன்ற இதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். விண்டோஸ் உரிமமும் வேண்டும். மற்றொன்று வைன். பெயரைக் கண்டு மதுவிலக்கு அன்பர்கள் அஞ்ச வேண்டா! 1993-இல் தொடங்கி, பலர் கூடி உழைத்து, 2008 ஜூனில்தான் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த இலவச மென்பொருள் இது. விண்டோஸிடம் கேட்பதாக எண்ணி நிரல் கேட்பதையெல்லாம் வாங்கி, லினக்ஸுக்குரிய வேண்டுகோளாக மாற்றிக் கொடுக்கும் துபாஷி என்று இதனைக் கூறலாம். நடுவே பொய்க் கணினி ஏதுமில்லையாதலால் வேகம் பெரிதும் குறைவதில்லை.

எனினும் துபாஷிக்கு எல்லாச் சொற்களும் தெரியா. சில நிரல்கள் குறையின்றி ஓடும். சில திறக்கவே மாட்டா. கள்ளப் பிரதியைத் தடுக்கச் செருகி வைக்கும் சாவிக் கருவி பல சமயம் ஏற்காது. தமிழெழுத்திலும் கவனம் தேவை. தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்பதற்கு முன் தட்டச்சு செய்த கணக்குகள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பழைய எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துருவையும் உடன் ஏற்றாவிட்டால் அங்கத்தினர் பெயரெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்.

ஆகவே முதலில் தரவு முழுவதையும் வெளித் தட்டில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துக. முடித்துவிட்ட ஒரு மாதக் கணக்கை வைனில் திறந்து, ரொக்கப் புத்தகம், பங்குத் தொகை, சேமிப்பு ஆகியவற்றை முன்பு அச்சிட்ட தாளோடு பைசா வரை ஒப்பிடுக. ரசீது அச்சாகிறதா என்றும் பார்க்க.

தணிக்கைக்காகப் பழைய ஆண்டுப் பேரேடுகளைத் திறந்து பார்க்க வைன் மிக ஏற்றது என்பது நம் கருத்து. அன்றாட வரவு செலவை அதில் ஓட்டுவதை, நிரல் விற்றவர் அதற்குப் பொறுப்பேற்றாலன்றி, நாம் சிபாரிசு செய்யோம். வைனில் நிரல் திறக்கவே இல்லையெனில், பழைய விண்டோஸ் ஓடிக் கொண்டிருக்கும்போதே கணக்கு முழுவதையும் சாதாரண அட்டவணைக் கோப்பாக எடுத்துத் தருமாறு விற்றவரை எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. நிரல் அவருடையதாயினும் கணக்கு அங்கத்தினருடையது.