உங்களுக்குத் தெரியுமா? கிளாம்ப் இல்லாமல் பலகையைப் பிடிக்கும் மேசை

● சிஎன்சி ரவுட்டரின் (கணினி இயக்கும் அறுப்பு இயந்திரம்) வேக்குவம் மேசை பலகையை இழுத்துப் பிடிப்பதில்லை. அடியிலுள்ள காற்றை மோட்டார் உறிஞ்சிவிட, மேலே இருக்கும் காற்றுதான் பலகையை அழுத்துகிறது. 17-ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானி ஓட்டோ வான் கெரிக்கே உள்காற்றை நீக்கி ஒட்டவைத்த உலோக அரைக்கோளங்களைக் குதிரைகளாலும் பிரிக்க முடியாமல் செய்தது இதே அழுத்தம்தான்.

● கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் காற்று சுமார் 1 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. மேசையோடு இணைத்த நல்ல வேக்குவம் கிளீனர் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பயன்படுத்தினாலே, 30 × 30 செ.மீ. பலகையின் மீது ஏறக்குறைய 180 கிலோ அழுத்தம் விழும்!

● 5 × 5 செ.மீ. துண்டுக்கோ வெறும் 5 கிலோதான். அதனால் சிறிய துண்டுகளை முழுதாக அறுத்துவிடாமல், அடியில் மெல்லிய ஏடு போல மரத்தை விட்டுவைத்து, பிறகு கையால் பிரித்தெடுப்பார்கள்.

● எம்டிஎஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த பலகை) வழியாகக் காற்று கசியும். எனவே அதையே மேசையின் மேல்தட்டாகப் போடலாம். இருபுறமும் உள்ள இறுகிய மேல்தோலைச் சீவிவிட்டு, நான்கு விளிம்புகளையும் பெயின்ட் அல்லது பசை பூசி அடைக்க வேண்டும்.

● பலகை மூடாத பகுதியை ரப்பர் விரிப்பாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடிவிடுங்கள். இல்லையென்றால் அழுத்தம் அந்த வழியே வீணாகும்.

● சில கிளீனர்களில் உறிஞ்சும் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்றுவழி அடைபட்டால் அவை சூடேறிக் கருகிவிடலாம். மோட்டாருக்குத் தனி விசிறி உள்ளதே இந்த வேலைக்கு ஏற்றது.