குளிசையோடு முடியாத வைத்தியம்

உருத்திரபுரம் இரணைமடு நீர் பாயும் வயற்கிராமம். சேற்றில் குனிந்து உழைத்தவர்களுக்கு ஐம்பது தாண்டியதும் முழங்கால் நோவு தொடங்கிவிடுகிறது. சீனி, பிரஷர், மூட்டுத் தேய்வு ஆகியன காய்ச்சலைப் போல வந்து போவன அல்ல. மாதாமாதம் கிளினிக் போய்க் குளிசை வாங்குகிறோம். எப்படி எழும்புவது, எவ்வளவு நடப்பது என்று கற்பிக்க அங்கே ஆளில்லை. அந்த ஆள்தான் இயன்மருத்துவர்.

அவரைக் கைகால் பிடித்துவிடுபவர் என்று எண்ணுவது அறியாமை. தேய்ந்த மூட்டுக்கு முழு ஓய்வு கூடாது. தொடைத் தசை பலப்பட்டால்தான் நோவு குறையும். கதிரையில் இருந்து காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குவது எளிய பயிற்சி. உழைக்கும் தசை இரத்தத்துச் சீனியையும் உறிஞ்சிக்கொள்ளும். தொழுகைக்கு நாற்காலி தேடும் நம் பெரியவர்களே, மார்க்கம் தந்த சலுகை சலுகைதான். ஆனால் மறுபடியும் ஸுஜூது செய்ய வழியுண்டா என்று இவரிடம் கேட்டீர்களா?

2009இல் முடிந்த யுத்தத்தில் காலிழந்தோர் பலர் வாழும் மாவட்டம் கிளிநொச்சி. செயற்கைக் கால் பொருத்தியவரின் மற்றக் காலும் இடுப்பும் கூடுதல் சுமை தாங்குகின்றன. வயது ஏற, அதுவே தனி நோயாகிறது.

நாட்டின் சிறிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் திறக்கப்பட்டன. சீனியையும் பிரஷரையும் அங்கே கண்டுபிடிக்கிறார்கள்; நல்ல காரியம். இயன்மருத்துவர்களோ பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இருக்கிறார்கள். கால் நோவுள்ளவருக்கு பஸ் படியே முதல் தடை! வாரத்தில் ஒரு நாள் அவர் கிராமத்துக்கு வந்தால் போதும், பயிற்சியை வீட்டிலுள்ள மகளுக்கோ பேரனுக்கோ காட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம்.