போர்வீல் போட்டால் மட்டும் போதுமா?
மலை ரோட்டில் கெப் வண்டி ஏறும் விதம்



மேல் டிவிசனில் ஒரு தாய்க்கு ராத்திரியில் வலி கண்டால், லயத்து வாசலுக்கு முதலில் வருவது பெரும்பாலும் தோட்டத்துக் கெப் வண்டிதான். 1990 என்ற இலக்கத்துக்குக் காசில்லாமல் பேசி ‘சுவசெரிய’ அம்புலன்சை வரவழைக்கலாம். 2016ஆம் ஆண்டில் ஆரம்பித்த இந்தச் சேவை இப்போது மலைநாட்டுக்கும் உண்டு. ஆனாலும் தார் ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் உள்ள கல் ரோடு மழையில் சறுக்கினால், நோயாளியை அம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர கெப் வண்டிதான் வேணும்.

அப்படியான நேரங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. மேட்டின் அடியில் டிரைவர் வண்டியை நிறுத்துவார். உடனே கூட வந்தவர்கள், “ஆளு துடிக்குது, ஏன் தம்பி நிப்பாட்டுற? அடிச்சு ஏத்து!” என்று சத்தம் போடுவார்கள். டிரைவரும் பதறிப்போய் அப்படியே ஏற்றப் பார்ப்பார். பாதி மேட்டில் சக்கரம் சுத்தும், வண்டி நிற்கும். பத்து நிமிசத்தில் போக வேண்டிய ஆள் ஒரு மணித்தியாலம் சேற்றில் காத்திருக்க நேரிடும்.

அந்தத் தம்பி மேட்டடியில் நிறுத்துவது போர்வீல் போடுவதற்காக. அது என்ன, எதற்கு நிறுத்த வேண்டும், எங்கே போடக்கூடாது என்பதை டிரைவர்மார் மட்டுமல்ல, வண்டியில் ஏறும் நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

போர்வீல் என்றால் என்ன?

சாதாரண நேரத்தில் கெப் வண்டியின் இஞ்சின் பின் சக்கரங்கள் இரண்டை மட்டும்தான் சுற்றுகிறது. முன் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். சாமான் இல்லாத கெப் வண்டிக்குப் பின்பக்கம் பாரம் குறைவு. ஆகையால் ஈரமான மேட்டில் பின் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் சுத்துகிறது.

போர்வீல் போட்டால் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு பெட்டி, இஞ்சினின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். இரண்டு பேர் இழுத்த பாரத்தை நாலு பேர் இழுப்பது மாதிரி. ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதால் மண் கிளறுவது குறையும்.

இது புதிய விசயமும் அல்ல. 1948இல் வெளிவந்த லேண்ட் ரோவரை நமது பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். பழைய லேண்ட் ரோவரில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளை அமத்தினால் போர்வீல் விழும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் போர்வீலோடு சேர்த்துக் குறைந்த வேகக் கியரும் விழும். இன்றைய வண்டிகளில் இதையே ஒரு கம்பியிலோ திருகியிலோ வைத்திருக்கிறார்கள்.

மூன்று நிலைகள்

1. 2எச்: பின் சக்கரம் மட்டும். தார் ரோட்டுக்கு இதுதான்.

2. 4எச்: நாலு சக்கரமும் இழுக்கும், வேகம் குறையாது. ஈரக் கல் ரோடு, லேசான சேறு, புல் தரை ஆகியவற்றுக்கு. பல வண்டிகளில் மெதுவாக ஓடும்போதே ஸ்டியரிங்கை நேராக வைத்துக்கொண்டு இதைப் போடலாம். எவ்வளவு வேகம் வரை போடலாம் என்பது வண்டியோடு வந்த கைநூலில் இருக்கும்.

3. 4எல்: நாலு சக்கரமும் இழுக்கும், அதோடு இழுவையும் கூடும். பல கெப் வண்டிகளில் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும்; வேகம் அதே அளவுக்குக் குறையும். செங்குத்தான மேட்டுக்கும் இறக்கத்துக்கும் உரியது இதுதான்.

4எல் போட வண்டி நிற்க வேண்டும். கிளச்சை முழுசாக மிதித்து, ஓட்டோ கியர் என்றால் நியூட்ரலில் வைத்து, பிரேக்கில் கால் வைத்து மாற்ற வேண்டும். ஓடும்போது இழுத்தால் பல்லோடு பல் அரைத்து கியர் பெட்டி பழுதாகும். டிரைவர் மேட்டடியில் நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். சில விநாடி வேலை. அந்தச் சில விநாடி பொறுத்தால் நோயாளி குலுங்காமல் மேலே போய்ச் சேருவார்.

லைட் மின்னிக்கொண்டே இருந்தால் இன்னும் விழவில்லை என்று அர்த்தம். சில அடி முன்னால் எடுத்தால் விழுந்துவிடும். லைட் நிலையாக எரிந்த பிறகே மேட்டைத் தொட வேண்டும். சில பழைய வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் உள்ள பூட்டையும் இறங்கிப்போய் கையால் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பாவிட்டால் உள்ளே கம்பியைப் போட்டும் பயனில்லை.

ஏன் பாதி மேட்டில் போடக்கூடாது?

“முதலில் ஏறிப் பார்ப்போம், சறுக்கினால் போடுவோம்” என்பது கூடாத பழக்கம். சறுக்கத் தொடங்கும்போது சக்கரம் ஏற்கனவே குழி தோண்டியிருக்கும். சரிவில் நின்று கியர் மாற்றும்போது வண்டி பின்னால் உருளவும் கூடும். சில வண்டிகளில் 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவே ‘என்’ என்ற இடம் இருக்கிறது. அதில் நின்றுவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் வண்டியைப் பிடிக்காது; ஹேன்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும். ஆகவே சமதரையில் போட்டுக்கொண்டு, முதலாம் அல்லது இரண்டாம் கியரில், ஒரே சீராக எக்ஸலேட்டரை மிதித்து ஏறுவதே சரி. நடுவில் கியர் மாற்ற வேண்டாம், அடித்து ஏற்றவும் வேண்டாம்.

தார் ரோட்டில் கழற்ற மறக்காதீர்கள்

வளைவில் முன் சக்கரம் சுற்றும் தூரம் கூட, பின் சக்கரம் சுற்றும் தூரம் குறைவு. இப்படியான கெப் வண்டியில் போர்வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிடும். சேற்றிலும் சரளைக் கல்லிலும் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லை. ஸ்டியரிங் கனக்கும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், டயர் தேயும், உள்ளே பல் உடையும். கழற்றப் போனால் கம்பி இறுகியிருக்கும். அப்போது பலத்தால் இழுக்காமல், பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியை நேராக ரிவர்சில் கொஞ்சம் எடுத்தால் லேசாகும்.

இறக்கம்தான் பெரிய பரீட்சை

“போர்வீல் போட்டாச்சு, இனி பயமில்ல” என்று நினைப்பது தவறு. போர்வீல் ஏறுவதற்குத்தான் உதவும். பிரேக்கைப் பலமாக்காது, தேய்ந்த டயருக்குப் பிடிப்பும் கொடுக்காது. நான்கு பிடிப்பில்லாத டயர் ஒன்றாகச் சறுக்கினால் நான்கும் சேர்ந்தேதான் சறுக்கும்.

ஆகவே இறங்கும்போது 4எல்லில் முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதிக்காமல் இஞ்சினே வண்டியைப் பிடிக்க விட வேண்டும். பிரேக்கை மெதுவாகத் தொட்டால் போதும். பெட்ரோல், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. இஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் மாதிரி இறுகிவிடும்.

மேட்டில் நின்றுபோனால் வண்டியைக் குறுக்கே திருப்பவே கூடாது, பக்கவாட்டில் பிரளும். பிரேக் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த வழியே நேராக, மெதுவாக இறங்கி, அடியிலிருந்து மறுபடி ஏற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• சறுக்கும் வண்டிக்குப் பாரம் கூட்ட ஆட்கள் பின்னால் தொத்திக்கொள்ள வேண்டாம். விழுந்தால் சக்கரத்தடியில்தான் விழுவீர்கள். பாரம் வேண்டுமென்றால் மண் மூட்டை இரண்டை பின் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள்.

• ஏறும் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கவோ தள்ளவோ வேண்டாம். பிள்ளைகளை மேல்பக்கத் திண்டில் நிறுத்துங்கள். சுத்தும் சக்கரத்தடியில் கையால் கல் வைக்க வேண்டாம். நிறுத்தச் சொல்லி, நின்ற பிறகு வையுங்கள்.

• ரோட்டோரக் கானை இலை, மண் இல்லாமல் வைத்திருங்கள். கான் அடைத்தால் தண்ணி ரோட்டில் ஓடி, கல்லை அரித்து, மேட்டைக் கெடுக்கும். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே மாதத்துக்கு முன்னும், பதுளை, ஹப்புத்தளை பக்கம் ஒக்டோபருக்கு முன்னும் ஒரு சிரமதானம் செய்தால் மழைக்காலம் முழுக்க உதவும்.

• பேறுகாலம் நெருங்கும் தாய்மார், மழைக்காலமென்றால், குடும்ப நல மாதுவிடம் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போவதோ, கீழ் டிவிசனில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்குவதோ நல்லது. நடுராத்திரி மேட்டை விட பகல் மேடு பாதி மேடு.

• ரோட்டில் புதிய வெடிப்பு, புதிதாகக் கலங்கல் ஊற்று, சாய்ந்த மரம் கண்டால் எந்த வண்டியையும் அதில் விட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய துயரம் நம் நெஞ்சில் இருக்கிறது. நகரும் மலைக்கு எந்தப் போர்வீலும் ஈடில்லை. உடனே ஆட்களை அகற்றி, தோட்ட நிர்வாகத்துக்கும் 117 என்ற இடர் முகாமைத்துவ இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

டிரைவர் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. போர்வீலை மாதம் ஒரு தடவையாவது சேற்று ரோட்டில் போட்டுச் சில நூறு அடி ஓட்டிப் பாருங்கள். போடாமலே கிடந்தால் தேவைப்படும் நாளில் இறுகிக்கொள்ளும். விழவில்லை என்றால் அன்றைக்கே கராஜுக்குச் சொல்லுங்கள், நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த தடவை மேட்டடியில் வண்டி நின்றால், சத்தம் போடாமல் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பதறாம போடு தம்பி” என்று மட்டும் சொல்லுங்கள்.