மூன்றாம் விசையின் இரு முகங்கள்: மனிதநேய உளவியலும் இருத்தலியல் உளவியலும்

ஆய்வுச் சுருக்கம்

மனிதநேய உளவியலும் இருத்தலியல் உளவியலும் ‘மூன்றாம் விசை’ என்னும் ஒரே பெயரில் இணைத்துப் பேசப்படுகின்றன. ஆயினும் மனித இயல்பு, தீமை, துன்பம் ஆகியவை குறித்து இவை கொள்ளும் முடிவுகள் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டையும் இலக்கிய ஆய்வில் அதற்குரிய இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனிதநேய உளவியல், இருத்தலியல், தன்திறன் நிறைவு, பொருள் தேடல், தீமை.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உளப்பகுப்பாய்வும் நடத்தையியலும் உளவியலில் மேலோங்கியிருந்தன. முன்னது மனிதனை நனவிலி உந்தல்களின் வழியும், பின்னது புறத்தூண்டல்களின் வழியும் விளக்கியது. தானே தேர்ந்து முடிவெடுக்கும் மனிதனுக்கு இவற்றில் உரிய இடமில்லை எனக் கருதியோர் தொடங்கிய இயக்கத்தை ஆபிரகாம் மாஸ்லோ ‘மூன்றாம் விசை’ என்றார். 1958இல் ரோலோ மே பிறருடன் இணைந்து பதிப்பித்த தொகுப்பொன்று ஐரோப்பிய இருத்தலியல் உளமருத்துவத்தை அமெரிக்காவிற்கு அறிமுகம் செய்தது. 1961இல் மனிதநேய உளவியலுக்கெனத் தனி ஆய்விதழ் தோன்றியது. பொது எதிர்ப்பு இவ்விரு போக்குகளையும் ஒன்றிணைத்தது. அடிப்படைக் கொள்கையில் அவை ஒன்றாகிவிடவில்லை.

‘மனிதநேயம்’ என்னும் தமிழ்ச்சொல் பிறர்பால் கொள்ளும் அன்பையே முதன்மையாகச் சுட்டும். இவ்வுளவியலிலோ அது மனிதனைப் பகுதிகளாகப் பிரிக்காமல் முழுமையாக நோக்கும் அணுகுமுறையைக் குறிக்கும்.

வளர்ச்சி நாட்டம்

உயிர்கள் அனைத்தும் தம் ஆற்றலை நிறைவு செய்யும் திசையிலேயே இயங்குகின்றன என்பது கார்ல் ராஜர்ஸின் அடிப்படைக் கருத்து. இருண்ட நிலவறையில் இட்டுவைத்த உருளைக்கிழங்குகளும் சன்னலின் ஒளியை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டுவதை அவர் சான்றாகக் காட்டுகிறார். முளை வெளிறியிருப்பதற்குக் காரணம் சூழல். ஒளியை நாடுவது இயல்பு. எனவே உளமருத்துவரின் பணி சூழலை அமைத்துத் தருவதே. ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, மருத்துவரின் அகப்புற இசைவு ஆகியன அச்சூழலின் முதன்மைக் கூறுகள் என்பதை 1957இல் வெளியான அவரது கட்டுரை வலியுறுத்துகிறது.

வரம்புகளை எதிர்கொள்ளல்

இருத்தலியல் உளவியல் வளர்ச்சியிலிருந்து தொடங்குவதில்லை. மனித வாழ்வின் விலக்கவியலாத வரம்புகளிலிருந்து தொடங்குகிறது. இர்வின் யாலோம் 1980இல் அவற்றை இறப்பு, சுதந்திரம், தனிமை, பொருளின்மை என நான்காக வகுத்தார். இவற்றால் விளையும் பதற்றம் முழுவதும் நோயன்று. அதன் ஒரு பகுதி மனிதனாக இருத்தலின் இயல்பு.

நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் ஃபிராங்கல், மனிதனின் முதன்மை நாட்டம் வாழ்வில் பொருள் காண்பதே என்றார். தன்திறன் நிறைவை இலக்காக்கி அடைய இயலாது. தன்னைக் கடந்த ஒரு பணியிலோ மற்றொரு மனிதரிடத்திலோ ஈடுபடுகையில் அது பக்கவிளைவாகவே வாய்க்கும் என்பது அவர் வாதம்.

தீமை குறித்த விவாதம்

இவ்வேறுபாடு நேருக்குநேர் வெளிப்பட்ட இடங்கள் இரண்டு. 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பூபர் ராஜர்ஸுடன் உரையாடினார். மனித இயல்பின் ஆழம் நம்பத்தக்கது என்றார் ராஜர்ஸ். அவ்வாழத்தில் எதிரெதிரான இரு முனைகளும் உள்ளன என்றார் பூபர். 1982இல் ரோலோ மே ராஜர்ஸுக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதினார். தீமைக்குப் பண்பாட்டுச் சூழலைக் காரணமாக்கினால், அப்பண்பாட்டை உருவாக்கியவர் யார் என்னும் வினா எஞ்சும் என்பதே அம்மடலின் சாரம். ஆக்கமும் அழிவும் ஒரே மனிதனிடத்து உள்ள ஆற்றல்கள் என அவர் கருதினார்.

முடிவுரை

புனைகதை மாந்தரை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. தீங்கிழைக்கும் மாந்தரிடம் ராஜர்ஸ்வழி நோக்கு எந்தச் சூழல் இவரைத் தடுத்தது என வினவும். ரோலோ மேவழி நோக்கு இவர் எதைத் தேர்ந்தார் என வினவும். அவ்வாறே, பொருள் காண்பதற்குத் துன்பம் கட்டாயமன்று. தவிர்க்கத்தக்க துன்பத்தின் காரணத்தை நீக்குவதே முறை எனவும் ஃபிராங்கல் தெளிவுபடுத்தியுள்ளார். இதனை மறந்தால், ஒடுக்கப்பட்ட மாந்தரின் பொறுமையை ‘தன்திறன் நிறைவு’ எனப் போற்றி, ஒடுக்குமுறையை ஆய்வின் பார்வையிலிருந்தே மறைத்துவிட நேரும். எனவே கோட்பாட்டின் பெயரைச் சுட்டுவதோடு அமையாது, அது மனிதனைப் பற்றி எதை முன்கொள்கிறது என்பதை வரையறுத்த பின்னரே பனுவலுக்குள் புகுதல் தகும்.